மலை ஊராட்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: மக்களிடம் பேசவும் நம்பிக்கை பெறவும் ஒரு வழிகாட்டி

நீலகிரி மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் மொத்தமே 35 தான். சமவெளியில் சில ஒன்றியங்களிலேயே இதைவிட அதிகம் உண்டு. அதனால் இங்கே ஓர் ஊராட்சித் தலைவருக்குக் கீழ் ஏகப்பட்ட ஊர்கள் வரும். ஒரு மேட்டில் படுகர்களின் ஊரான ஹட்டி, எதிர்ச் சரிவில் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எஸ்டேட் லைன், காட்டோரம் இருளர் அல்லது குறும்பர் குடியிருப்பு, ரோட்டை ஒட்டி நாலு கடையும் ஒரு பேக்கரியும். கண்ணுக்கு நேரே தெரிகிற ஊருக்குப் போய்ச் சேர பஸ்ஸில் முக்கால் மணி நேரம் சுற்ற வேண்டியிருக்கும். இந்த மலையில் முதல் தடவையாக ஊராட்சித் தலைவராகவோ, வார்டு உறுப்பினராகவோ, நகராட்சி கவுன்சிலராகவோ வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடுத்த தேர்தலில் நிற்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இது உதவும்.

மேடைப் பேச்சைப் பற்றி இதில் எதுவும் இல்லை. பேச்சாற்றல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. மலை ஊர்க் கூட்டங்களில் பல வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்திருக்கிறது. தங்களுக்குப் பிடிக்காத செய்தியைக்கூட ஒருவர் மறைக்காமல், நேரில் வந்து, முதல் ஆளாகச் சொல்கிறபோதுதான் ஜனங்கள் அவரை நம்ப ஆரம்பிக்கிறார்கள். கீழே வருகிற எல்லாமே அதற்கான வழிகள்தான்.

முதல் வேலை: உங்கள் கையில் இருப்பது என்ன?

பதவியேற்ற வாரத்திலேயே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் ஊராட்சியே செய்ய வேண்டியவை: குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, ஊராட்சி ரோடு, சிறு பாலம், சுடுகாடு, குப்பை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் உங்கள் மேல் வைத்திருக்கிற கடமைகள் இவைதான். வலது பக்கம் மக்கள் உங்களிடம் கேட்கப் போகிற, ஆனால் உங்கள் கையெழுத்தால் நடக்காத விஷயங்கள்: பட்டா, பசுந்தேயிலை விலை, யானை, சிறுத்தை, நெடுஞ்சாலை, பஸ் நேரம், வீடு கட்ட மலைப்பகுதி அனுமதி, சுற்றுலா இ-பாஸ்.

வலது பக்கத்துக்கு ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த ஆபீஸ், எந்த அதிகாரி, மனு எங்கே கொடுப்பது என்று எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார், வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.), வனச்சரகர், மின்வாரிய உதவிப் பொறியாளர் (ஏ.இ.) என்று வரிசையாக. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தையும், முதல்வரின் உதவி மைய எண் 1100-ஐயும் அதில் சேருங்கள். இந்தத் தாள் சட்டைப் பையில் இருந்தால், "பார்க்கிறேன்" என்று சொல்லித் தப்பிக்கும் பழக்கம் உங்களிடம் வராது. "இது என் கையில் இல்லை அக்கா, கோத்தகிரி தாலுக்கா ஆபீஸில் இருக்கிறது, மனு எழுதித் தருகிறேன், கூட வருகிறேன்" என்று சொல்ல வாய் வரும். கேட்கிறவருக்கு வேலை நடக்காமலே போகலாம், ஆனால் நேரம் வீணாகாது. அதற்கே நன்றி சொல்வார்கள்.

ஆள் இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள்

ஊராட்சி ஆபீஸில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்துகொண்டு ஜனங்கள் வரட்டும் என்று இருந்தால், வருகிறவர்கள் ஏற்கனவே உங்களுக்குத் தெரிந்தவர்களும் கான்ட்ராக்டர்களும்தான். இலை பறிக்கப் போகிறவர்கள் எட்டு மணிக்குள் தோட்டத்தில் இருப்பார்கள். சாயங்காலம் இலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அந்த நிறுவைக் கொட்டகைதான் நீங்கள் போக வேண்டிய முதல் இடம். மூட்டையை இறக்கிவிட்டு வரிசையில் நிற்கும் நேரத்தில் யாருக்கும் அவசரம் இல்லை, நாலு பேர் கூடவும் இருப்பார்கள். அதற்கு அடுத்து ரேஷன் கடை வரிசை, கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிறுத்தம், பள்ளிக்கூட வாசல்.

இப்படி ஒரு கொட்டகையில், முன்பு வந்துபோன அதிகாரிகளைப் பற்றி ஒரு வயதான அம்மா சொன்னதைக் கேட்டேன்: "வந்தாங்க, கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க, போனாங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன குரலில் சொன்னார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம் அவருடையது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தால் வந்தவர்களுக்காகத்தான் 1968-இல் அரசு அந்தத் தோட்டங்களைத் தொடங்கியது. இரண்டு நாட்டு அரசுகளின் வாக்குறுதியையும் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் போய் நீங்கள் புதிதாக ஒரு வாக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு எழுதிக்கொண்டு போனால் போதாது. திரும்பி வர வேண்டும், அதே கொட்டகைக்கு, வேலை ஆகாவிட்டாலும்.

ஹட்டிக்குப் போனால் ஊர்ப் பெரியவரான கவுடரைப் பார்த்துப் பேசிவிட்டுத் தொடங்குவது மரியாதை. ஆனால் அவரோடு முடித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பெண்களுக்குத் தெரிந்த விஷயம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. டிசம்பர், ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகை நடக்கும் நாட்களில் கூட்டம் வைக்காதீர்கள். சாவு வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். அங்கே மனு வாங்காதீர்கள், போட்டோவும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகத்தினரும் நீலகிரியில் வாழ்கிறார்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். தோடர்களின் குடியிருப்பான மந்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், கோயில் பக்கம் போகவே போகாதீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர் குடியிருப்புகளில் நான் அடிக்கடி பார்த்து வருந்துகிற ஒன்று இருக்கிறது. எழுபது வயதுப் பெரியவரை இருபத்தைந்து வயது அலுவலர் "நீ, வா, போ" என்று பேசுவார். அந்தப் பெரியவர் பதில் சொல்வார், தலையாட்டுவார், ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார். "நீங்க" என்று சொல்லுங்கள். தரையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். அவர்கள் மொழி தெரிந்த, அவர்களிலேயே படித்த ஒரு பையனையோ பெண்ணையோ கூட வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்னதை அவர்கள் மொழியில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பெரியவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதை அந்தப் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தலையாட்டியதையெல்லாம் சம்மதம் என்று எழுதிவிடாதீர்கள்.

சொல்லும் விதம்

ஆபீஸ் தமிழை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஊரில் மோட்டார் பழுதாகி மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படி ஓர் அறிவிப்பு வரும்: "தொழில்நுட்பக் கோளாறு காரணமாகக் குடிநீர் விநியோகம் தடைபட்டுள்ளது. விரைவில் சரிசெய்யப்படும். பொதுமக்கள் ஒத்துழைப்பு தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதில் ஒரு வீட்டுக்காரிக்கு உதவும் தகவல் எதுவும் இல்லை. நாளைக்குத் துணி ஊறப்போடலாமா வேண்டாமா என்றுகூட இதை வைத்து முடிவு செய்ய முடியாது. அதையே வாட்ஸ்அப்பில் உங்கள் குரலில், முக்கால் நிமிஷத்தில் இப்படிச் சொல்லலாம்:

"அம்மா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊர் மோட்டார்ல காயில் எரிஞ்சுபோச்சு. இன்னைக்குக் காலையில கழட்டி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பியாச்சு. நாளைக்குச் சாயங்காலம் தர்றேன்னு மெக்கானிக் சொல்லியிருக்கார். மாட்டி, டேங்க் ஏறி, குழாய்ல தண்ணி வர நாளான்னைக்கு மத்தியானம் ஆயிடும். அது வரைக்கும் காலையில ஏழு மணிக்கு ஸ்கூல் பக்கத்துல டேங்கர் நிக்கும், வீட்டுக்கு அஞ்சு குடம். கீழ் லைனுக்கு டேங்கர் இறங்காது, அங்க ரெண்டு டிரம் ஜீப்ல கொண்டாந்து வைக்கிறோம். நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு நிலவரம் சொல்றேன்."

என்ன ஆயிற்று, இப்போது என்ன நடக்கிறது, எப்போது சரியாகும், அதுவரை என்ன வழி, அடுத்த தகவல் எப்போது. இந்த ஐந்தும் இருந்தால் போதும். ஐந்தில் கடைசிதான் முக்கியம். நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மோட்டார் வந்திருக்காவிட்டாலும் எட்டு மணிக்குச் சொல்ல வேண்டும்: "மோட்டார் இன்னும் வரலை. மெக்கானிக்கு சாமான் கிடைக்கலையாம். இன்னும் ஒரு நாள் ஆகும்." இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்குச் சொன்னவர் என்ற பெயர், மோட்டார் ஒருநாள் தாமதமானதைவிட அதிக காலம் நிற்கும்.

வாக்கு நோட்டு

காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். மனுவோடு வந்தவர்களிடம் அவர் சொன்ன "ஆகட்டும் பார்க்கலாம்" தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. அதற்குமேல் அவர் பெரிதாக வாக்குக் கொடுப்பதில்லை என்பார்கள். செய்து முடித்த வேலைகள் அவருக்காகப் பேசின. நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் செல்வாக்கு கிடையாது, நாம் "பார்க்கலாம்" என்றால் தட்டிக்கழிக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் நோட்டு வேண்டும்.

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, ஊர், கேட்டவர், கேட்டது, நான் சொன்ன பதில், எப்போது திரும்பச் சொல்வதாகச் சொன்னேன், சொன்னேனா. கேட்டவர் முன்னாலேயே எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து நிமிஷம் அதைப் புரட்டுங்கள். தேதி தாண்டியவர்களுக்கு அப்போதே போன் போடுங்கள். வேலை ஆகவில்லை என்று சொல்வதற்கும் போன் போட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை விடாமல் செய்கிற தலைவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஊரில் மதிப்பு இருக்கும்.

கிராம சபை

வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நாலாக இருந்ததை 2022-இல் அரசு ஆறாக்கியது. குறைந்தபட்ச வருகை எவ்வளவு என்பது மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர். நம் மலையின் பெரிய ஊராட்சிகளில் 300 பேரை ஒரே இடத்தில், காலை பதினொரு மணிக்கு, பஸ் இல்லாத ஊர்களிலிருந்து கூட்டுவது சுலபமில்லை. அதனால்தான் பல இடங்களில் கையெழுத்து நோட்டு வீடு வீடாகப் போகும் வழக்கம் வந்தது. அந்த வழக்கத்தை நீங்கள் தொடராதீர்கள். வராதவர் கையெழுத்தை வாங்கிய அன்றைக்கே, கூட்டம் வெறும் சடங்கு என்று நீங்களே ஊருக்குச் சொல்லிவிடுகிறீர்கள்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே என்ன பேசப் போகிறோம் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ரேஷன் கடை, கோயில், சர்ச், பள்ளிவாசல், லைன் முனை என எல்லா இடத்திலும் ஒட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஊரில் நடத்தாமல் ஊர் மாற்றி நடத்துங்கள். தூரத்து ஊர்களில் கூட்டத்துக்கு முந்தைய வாரம் சாயங்காலத்தில் சின்னதாக ஒரு சந்திப்பு வைத்து, அவர்கள் கேட்பதை எழுதிக்கொண்டு வந்து சபையில் அவர்கள் பெயரால் படியுங்கள். நகராட்சி கவுன்சிலர்களும், நகரங்களில் கிராம சபை போல நடக்கும் பகுதி சபைக் கூட்டங்களுக்கு இதையே செய்யலாம்.

கூட்டத்தில் நீங்கள் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் போன கூட்டத்தின் தீர்மானங்களைப் படித்து, ஒவ்வொன்றும் ஆயிற்றா, ஆகவில்லை என்றால் எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். அப்புறம் வரவு செலவு. கணக்கைச் செக்ரட்டரி கடகடவென்று படித்துவிட்டுப் போகக்கூடாது. "பொது நிதி, தெருவிளக்குப் பராமரிப்பு, இவ்வளவு ரூபாய்" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எந்த ஊரில் எத்தனை பல்பு, ஒன்று என்ன விலை, யாரிடம் வாங்கியது என்று சொல்லுங்கள். உடனே ஒருவர் எழுந்து, "எங்க ஊர்ல ஆறு பல்பு போட்டதா சொல்றீங்க, எரியறது நாலுதானே" என்பார். அப்படிக் கேட்டவரை உட்காரச் சொல்லாதீர்கள். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் கூட்டம் உண்மையில் தொடங்குகிறது. மறுநாளே அவரையும் டேங்க் ஆபரேட்டரையும் கூட்டிக்கொண்டு போய்க் கம்பம் கம்பமாக எண்ணுங்கள்.

தீர்மானங்களைக் கூட்டத்திலேயே நோட்டில் எழுதி, எழுதியதை உரக்கப் படித்து, அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள். வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து, பிறகு தீர்மானம் என்ற முறைக்கு எவ்வளவு அவசரம் சொன்னாலும் இடம் கொடுக்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி யாராவது கணக்குக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது 2005 முதல் சட்டம். யாரும் கேட்காமலேயே அந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வைத்துவிட்டால் மனுவும் வராது, சந்தேகமும் வராது.

கணக்கினால் நம்பிக்கை சம்பாதித்த தலைவர்கள் நம் மலையிலேயே உண்டு. எச்.பி. ஆரி கவுடர் 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைத் தொடங்கினார். உருளைக்கிழங்கு விளைவித்தவர்கள் விலைக்கும் எடைக்கும் இடைத்தரகர்களை நம்பியே இருந்த காலம் அது. விளைச்சலைச் சங்கத்தின் மூலம் விற்கலாம் என்று ஆன பிறகு, விவசாயிக்கு எடை என்ன, விலை என்ன என்பது தெரிய வந்தது. சட்டமன்றத்திலும் அவர் இருந்தார். ஆனால் இன்றும் ஹட்டிகளில் பெரியவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது சங்கத்தைச் சேர்த்தே சொல்கிறார்கள்.

மழைக்காலத்தில்

ஒரு தலைவரை மலை மக்கள் எடைபோடுவது மழையில்தான். குந்தா, கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடிக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. இவை திரும்ப வராது என்று யாராலும் சொல்ல முடியாது.

மழைக்கு முன்பே செய்ய வேண்டியது: ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேரை, ஓர் ஆண் ஒரு பெண், தகவல் ஆட்களாக முடிவு செய்யுங்கள். மரம் விழுந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் சில மணி நேரத்தில் டவரும் போகும். அதனால் போனை மட்டும் நம்பாமல், எந்த ஊருக்கு யார் நடந்து போய்ச் சொல்வது, எந்தக் கோயில், சர்ச், பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பது, யாருடைய ஜீப் கிடைக்கும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077 எல்லா வீட்டுக் கதவிலும் ஒட்டியிருக்கட்டும்.

மழை நாளில் பேசும்போது தெரிந்ததையும் தெரியாததையும் கலக்காதீர்கள். "பர்லியாறு ரோட்டில் மண் விழுந்திருக்கிறது, கோத்தகிரி வழியாகப் போங்கள், எப்போது திறக்கும் என்று இன்னும் சொல்லவில்லை, ஆறு மணிக்கு மறுபடி சொல்கிறேன்." இவ்வளவு போதும். யாரோ சிக்கியிருக்கிறார்களாம், எத்தனை பேராம் என்று கேட்டதையெல்லாம் சொன்னால், அந்தப் பக்கம் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாயின் கதி என்ன ஆகும் என்று யோசியுங்கள். இறந்தவர் பெயரைக் குடும்பத்துக்குச் சொல்வதற்கு முன் எந்தக் குழுவிலும் போடக்கூடாது.

வீட்டைக் காலி செய்யச் சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பேச்சு. அதிகாரியை அனுப்பிவிட்டு நீங்கள் ஒதுங்கி நிற்காதீர்கள். "வீட்டுக்கு மேல மண்ணுல வெடிப்பு விட்டிருக்கு, நானே பார்த்தேன், வாங்க காட்டுறேன். ஸ்கூல்ல அரிசி பருப்பு வந்தாச்சு, பாயும் கம்பளியும் இருக்கு. மாட்டை மேல் லைன் கொட்டகையில கட்டிக்கலாம். வீட்டைப் பார்த்துக்க ரெண்டு பசங்க இருப்பாங்க." மாட்டையும் வீட்டுச் சாமானையும் பற்றிய பயம் தீராமல் யாரும் கிளம்பமாட்டார்கள். முகாமில் நீங்களும் ஓர் இரவு தங்குங்கள். கம்பளி கொடுக்கும் போட்டோ எடுக்காதீர்கள். வாங்குகிறவரின் முகம் அதில் என்றைக்கும் இருக்கப் போகிறது.

வதந்தி வரும்போது

சிறுத்தை என்று வரும் படங்களில் பாதி வேறு மாநிலத்துப் படம், மீதி போன வருஷத்துப் படம். 2021-இல் மசினகுடி பக்கம் டி-23 என்று எண்ணிட்ட புலியைத் தேடிய நாட்களில், பிடிபடும் வரைக்கும் ஊர் ஊராகப் புதுக்கதை கிளம்பியது. அப்படிப்பட்ட நேரத்தில் "வதந்திகளை நம்ப வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், பயப்படுகிறவருக்கு அது திட்டுவது போலக் கேட்கும். வனச்சரகருக்குப் போன் செய்து கேட்டு, "இந்தப் படம் இங்கே எடுத்தது இல்லை. ஆனால் நேற்று ராத்திரி மேல் தோட்டத்தில் கால்தடம் பார்த்தது உண்மை. இரண்டு நாளைக்குப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள், காலையில் ஸ்கூல் ஜீப் லைன் வாசல் வரைக்கும் வரும்" என்று சொல்லுங்கள். பயத்தில் உண்மையாக இருக்கிற பங்கை ஒத்துக்கொண்டால்தான் மீதியைக் கைவிடுவார்கள்.

வெளியூர் வண்டிகள் மலைக்கு வர எடுக்க வேண்டிய இ-பாஸ் விஷயத்திலும் இதே கதைதான். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அது வந்தபோது, உள்ளூர்க்காரர்களும் பாஸ் எடுத்தால்தான் மேட்டுப்பாளையம் போய் வர முடியும் என்று பேச்சு பரவியது. நீலகிரிப் பதிவெண்ணான டி.என்.43 வண்டிகளுக்குத் தேவையில்லை என்ற ஒரே வரியை முதல் நாளிலேயே டாக்ஸி ஸ்டாண்டில் எழுதி ஒட்டிய இடங்களில் குழப்பம் சீக்கிரமே தணிந்தது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வந்தபோது காட்டேஜ்காரர்கள், கடைக்காரர்கள், டிரைவர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. உத்தரவு யாருடையது, எதற்காக, மாற்றம் வேண்டுமானால் எங்கே கேட்க வேண்டும் என்பதை விளக்குவதும், அவர்கள் கணக்கில் எவ்வளவு நஷ்டம் என்பதை எழுதி மேலே அனுப்புவதும் உங்கள் வேலை. கூட்டத்தோடு கூட்டமாகக் கத்திவிட்டு வருவதால் அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

முடியாது என்று சொல்லும்போது

கூடலூர், பந்தலூரில் ஓட்டுக் கேட்கப் போகும் எவரும் பிரிவு 17 நிலத்தைத் தாண்டிப் போக முடியாது. 1969-இல், பரம்பரை நிலவுடைமையான ஜென்ம முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. அதன் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களில் பட்டா இல்லாமல், பல வீடுகளுக்கு மின் இணைப்பும் இல்லாமல் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்கின்றன. நாடு முழுக்க 'காடு' என்றால் எது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-இல் தீர்ப்பளித்த கோதவர்மன் வழக்கே கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதைப் பற்றி 1995-இல் போட்ட மனுவில்தான் தொடங்கியது. இவ்வளவு பெரிய முடிச்சை ஒரு வார்டு உறுப்பினர் அவிழ்த்துவிடுவேன் என்று சொல்வது, அந்த வீட்டுக்காரரின் மனதைப் புண்படுத்தும் பொய்.

இப்படிப் பேசிப் பாருங்கள்: "பட்டா வாங்கித் தர்றேன்னு நான் சொல்லமாட்டேன். அது அரசும் கோர்ட்டும் முடிவு பண்ண வேண்டியது. உங்க வீட்டுக்கு எத்தனை வருஷமா என்ன ஆதாரம் இருக்குன்னு ஒரு ஃபைல் போட்டு வைக்கலாம். ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட், பிள்ளைங்க ஸ்கூல் சர்ட்டிஃபிகேட். சோலார் விளக்கு, தண்ணி, நடைபாதை இதுல எது நம்மால ஆகும்னு அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வந்து சொல்றேன்." முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, கூடவே முடிகிற ஒன்றைத் தேதியோடு சொல்லுங்கள். முடிகிறது எதுவுமே இல்லை என்றால், அதையும் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டில் ஒரு கட்டங்காப்பி குடித்துவிட்டு வாருங்கள். கோபப்பட்டுத் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேயிலை விலையும் அப்படியே. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்து டீ போர்டு மாதாமாதம் பசுந்தேயிலையின் சராசரி விலையை அறிவிக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு வாங்கித் தருவேன் என்று மேடையில் சொல்லிவிடலாம், மாதக் கடைசியில் ஃபேக்டரி பில்லைப் பிரிக்கும் விவசாயி முகத்தைப் பார்க்க முடியாது. உங்களால் ஆவது ஒன்று உண்டு. அறிவித்த சராசரி விலையை எடுத்த கையோடு எல்லா ஊர் பலகையிலும் எழுதிப் போடுங்கள். எந்த ஃபேக்டரி குறைத்துக் கொடுத்தது என்று விவசாயிக்கே தெரிந்துவிடும், புகார் எழுத நீங்கள் துணை நிற்கலாம்.

பெண் தலைவர்களுக்குத் தனியாக

2016-இல் சட்டம் மாறி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு வந்துவிட்டது. நம் மலைக்கு இதில் முன்னோடி உண்டு. படுகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரியான அக்கம்மா தேவி 1962-இல் நீலகிரியின் மக்களவை உறுப்பினரானார். ஆனாலும் இன்றைக்கும் பல ஊர்களில் "தலைவர் நம்பர்" என்று கொடுப்பது கணவரின் நம்பராக இருக்கிறது. போன் உங்கள் கையில் இருக்கட்டும். எல்லா அறிவிப்பும் உங்கள் குரலில் போகட்டும். கூட்டத்தில் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் உட்கார வேண்டாம் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள். ஆரம்பத்தில் குரல் நடுங்கும், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நீங்களே எடுத்து "சொல்லுங்க" என்று பேசுவதைக் கேட்டால், இதுவரை வாய் திறக்காத பெண்கள் போன் செய்ய ஆரம்பிப்பார்கள். சாராயம், அடி உதை, கழிப்பறை, இடைநின்ற பெண்பிள்ளை என்று உங்கள் வீட்டுக்காரரிடம் ஒருபோதும் வராத விஷயங்கள் உங்களிடம் வரும்.

ஓட்டுப் போடாதவர்களிடம்

தேர்தல் முடிந்த முதல் மாதத்திலேயே, உங்களுக்கு ஓட்டு குறைவாக விழுந்த ஊருக்கு முதலில் போங்கள். எதிர்த்து நின்றவர் வீட்டுக்கும் போங்கள். அவருக்கு உங்கள் ஊராட்சியின் பிரச்சினைகள் தெரியும், இல்லாவிட்டால் அவர் நின்றிருக்கமாட்டார். அந்த ஊரில் எரியாத விளக்கை முதல் வாரத்தில் மாற்றிக் கொடுங்கள், அதைப் பற்றி எங்கும் பேசாதீர்கள்.

பதவிக்காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே கைமாற்றும் ஃபைல் ஒன்று தயாராகட்டும். எந்த வேலை பாதியில் நிற்கிறது, எந்த மனு எந்த ஆபீஸில் எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது, மோட்டாரை ரிப்பேர் செய்கிற மெக்கானிக் யார், எந்த வால்வு எந்த வீட்டு வேலிக்குக் கீழே புதைந்திருக்கிறது, மழையில் எந்தச் சரிவில் முதலில் வெடிப்பு விடும். வாக்கு நோட்டில் மிச்சமிருக்கும் பெயர்களையும் அதில் சேருங்கள். ஒரு நகலைச் செக்ரட்டரியிடம் கொடுங்கள், இன்னொன்றை ஜெயித்து வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர் கையில் நேரில் கொடுத்து, வால்வு இருக்கும் இடங்களை ஒருநாள் கூட நடந்து காட்டிவிட்டு வாருங்கள்.